பல்லும் பஸ்ஸும்

முதல் பருவத்தின் முடிவில் ஒவ்வொரு குழந்தைக்கும் நான் நிரப்ப வேண்டிய மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி உண்டு. "சொல்லின் முதல் ஒலியையும் கடைசி ஒலியையும் தனியே பிரித்துச் சொல்கிறார்" என்பது அந்த வரி. அதற்கு எதிரே "ஆம்", "ஓரளவு", "இன்னும் இல்லை" என்று மூன்று கட்டங்கள். நாலரை வயதுச் சிறுமி ஒருத்திக்கு நான் மூன்றாவது கட்டத்தில் குறியிட்டேன். குறியிடும்போது தயக்கம் ஏதும் இருக்கவில்லை. நான் கேட்ட கேள்விகளும் அவள் சொன்ன விடைகளும் குறிப்பேட்டில் வரிசையாக இருந்தன. மூன்று வாரம் கழித்து அதே சிறுமி தரையில் உட்கார்ந்து படங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது செய்த ஒரு சிறு செயல், அந்தக் குறியையும், அதற்கு முன் பல ஆண்டுகளாக மழலையர் வகுப்பில் நான் கேட்டுவந்த கேள்விகளையும் மறுபடி எடுத்துப் பார்க்க வைத்தது. அன்றிலிருந்து இது மனத்தில் கிடந்து உறுத்துகிறது.

குறிப்பேட்டில் இருந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன் படத்தைக் காட்டி, "மீன் என்ற சொல்லில் முதல் ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?" என்று கேட்டேன். அவள் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தண்ணி" என்றாள். "யானை, எறும்பு, இந்த இரண்டில் எது பெரிய சொல்?" என்று கேட்டேன். "யானை" என்று இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினாள். "பல் என்பதில் கடைசி ஒலி எது?" என்றதற்கு "லு" என்றாள். "மரம்" என்பதற்கு "ர" என்றாள். நான்கு கேள்வி, நான்கு தவறு என்று எழுதிக்கொண்டேன்.

முதல் இரண்டு விடைகளும் ஒலியைப் பற்றியவை அல்ல, பொருளைப் பற்றியவை என்பது மழலையர் ஆசிரியர் யாருக்கும் உடனே புரியும். மீனை எடுத்துவிட்டால் தண்ணீர்தான் மிஞ்சும். எறும்பைவிட யானைதான் பெரியது. அந்த வயதில் சொல் என்பது ஒரு சன்னல். குழந்தை அதன் வழியே வெளியே இருப்பதைப் பார்க்கிறதே தவிர, கண்ணாடியைப் பார்ப்பதில்லை. சொல்லிலுள்ள மிகச் சிறிய தனி ஒலியை ஒலியன் என்பார்கள். ஒலியன் விழிப்புணர்வு என்று நாம் சொல்லும் திறன், அந்தக் கண்ணாடியையே பார்க்கக் கற்றுக்கொள்வது. சொல் எதைக் குறிக்கிறது என்பதைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அது எந்தெந்த ஒலிகளால் ஆனது என்று காதால் பிரித்து, கூட்டி, மாற்றிப் பார்ப்பது அது. எழுத்து அறிமுகம் வேறு, இது வேறு. கண்ணை மூடிக்கொண்டும் செய்யக்கூடிய வேலை இது. இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்தச் சிறுமியிடம், இத்துறையின் மிகக் கடினமான கேள்விகளில் ஒன்றாகிய ஒலி நீக்கத்தை முதல் கேள்வியாகக் கேட்டேன்.

ஒலியனைப் பிரிப்பது ஏன் கடினம் என்பதற்கு நல்ல காரணம் உண்டு. பேச்சில் ஒலிகள் மணிமாலையைப்போல ஒன்றையடுத்து ஒன்றாக வருவதில்லை. "மீ" என்று சொல்ல உதடுகள் மூடியிருக்கும்போதே நாக்கு "ஈ"க்கு ஆயத்தமாகிவிடுகிறது. ஒலிப்பதிவு நாடாக்களை வெட்டி ஆராய்ந்த காலத்திலேயே அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தார் இதைக் கண்டார்கள். ஓர் அசையின் தொடக்கத்தை எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் தூய மெய்யொலி மட்டும் தனியே கிடைப்பதில்லை. உயிரொலியும் சேர்ந்து வருகிறது, அல்லது பேச்சாகவே தோன்றாத ஒரு கீச்சொலி மிஞ்சுகிறது. நாடாவிலேயே தனித்து இல்லாத ஒன்றைக் குழந்தை காதால் தனியே கேட்க வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். 1974இல் இசபெல் லிபர்மனும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் சிறு மரக்குச்சியால் தட்டித் தட்டிச் சொல்லின் பகுதிகளை எண்ணினார்கள். நான்கு வயதுக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் அசைகளைச் சரியாகத் தட்டினார்கள். ஒலியன்களைத் தட்டியவர் ஒருவர்கூட இல்லை. ஐந்து வயதினரில் 17 விழுக்காட்டினரும், முதல் வகுப்பு முடிக்கும் வயதினரில் 70 விழுக்காட்டினரும் ஒலியன்களைப் பிரித்தார்கள்.

அந்த 70 விழுக்காடு வயதால் மட்டும் வந்ததில்லை என்பதை 1979இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. ஜோசே மொராயிஸ் குழுவினர் போர்ச்சுகலில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் ஒரு சொல்லின் முன்னால் ஓர் ஒலியைச் சேர்க்கவும், முதல் ஒலியை நீக்கவும் சொன்னார்கள். வாழ்நாள் முழுதும் அம்மொழியைச் சரளமாகப் பேசியவர்களால் பெரும்பாலும் அது முடியவில்லை. அதே சூழலில் வளர்ந்து, வயது வந்த பிறகு எழுத்தறிவு பெற்றவர்களால் முடிந்தது. ஒலியன் தானாகக் காதில் விழுவதில்லை, யாராவது காட்டித்தர வேண்டியிருக்கிறது. இந்த ஆய்வை நான் முதன்முதலில் படித்தபோது குழந்தைகளைப் பற்றியதாகத்தான் எடுத்துக்கொண்டேன். அது என்னையும் பற்றியது என்பது, அதாவது எழுத்து தெரிந்தவரின் காது எழுத்தாலேயே வடிவமைக்கப்பட்டுவிடுகிறது என்பது, பின்னால்தான் உறைத்தது.

கூடைக்கு வெளியே வைத்த படம்

அன்று செய்தது எளிய விளையாட்டு. ஒரு கூடை, பத்துப் பன்னிரண்டு படங்கள். "பாய்" என்று தொடங்குவதுபோல் தொடங்கும் படங்களை மட்டும் கூடைக்குள் போட வேண்டும். பல், பந்து, பாய், பூ, பஸ் ஆகியவை உள்ளே போகும் என்பது என் கணக்கு. மீன், நாய், வால், கண் முதலியவை வெளியே இருக்க வேண்டும். அந்தச் சிறுமி ஒவ்வொரு படத்தையும் எடுத்து, பெயரைத் தனக்குள் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். பல் உள்ளே போயிற்று. பந்து போயிற்று. பூவும் போயிற்று. பஸ் படத்தை எடுத்தவள் அதைக் கூடைக்குள்ளும் போடவில்லை, மீனும் நாயும் இருந்த குவியலிலும் வைக்கவில்லை. தன் முழங்காலுக்குப் பக்கத்தில் தனியே வைத்துக்கொண்டாள். நான் அந்தப் படத்தை எடுத்துக் கூடைக்குள் போட்டு, "இதுவும் ப தானே கண்ணு?" என்றேன். அவள் கூடைக்குள் கைவிட்டு அதை மறுபடி வெளியே எடுத்தாள். "இது வேற டீச்சர்" என்றாள்.

நான் திருத்தத்தான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டு, "பல்லு... பஸ்ஸு..." என்று இரண்டையும் மெதுவாகச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்து மறுபடியும் சொன்னாள். நானும் கூடவே சொல்லிப் பார்த்தேன். இரண்டிலும் உதடுகள் ஒரே மாதிரி மூடித் திறக்கின்றன. "பல்லு"வில் திறக்கும்வரை தொண்டை அமைதியாக இருக்கிறது. "பஸ்ஸு"வில் உதடு திறப்பதற்கு முன்பே தொண்டை அதிரத் தொடங்கிவிடுகிறது. இரண்டும் வெவ்வேறு ஒலிகள். தமிழ் எழுத்து இரண்டுக்கும் ஒரே "ப"வைத் தருகிறது. "பம்பரம்" என்ற ஒரே சொல்லுக்குள்கூட முதல் "ப" ஒரு விதமாகவும் இரண்டாவது "ப" வேறு விதமாகவும் ஒலிக்கின்றன. நான் பல்லாயிரம் தடவை சொல்லியும் கேட்டும் இருக்கக்கூடிய அந்த வேறுபாட்டை எழுத்து எனக்கு மறைத்துவிட்டது. எழுத்து தெரியாத அவளுக்கு மறைக்கவில்லை.

அவள் அந்தப் படத்தை மற்றக் குவியலில் போடாமல் தனியே வைத்ததைத்தான் நான் இன்றும் வியந்து நினைத்துக்கொள்கிறேன். பஸ் "பல்லு"வைப் போல இல்லை, ஆனால் "நாய்" அளவுக்கு விலகியும் இல்லை என்று அவள் காது சொல்லியிருக்கிறது. மொழியியலில் அதைத் தெரிவிக்க ஒரு கலைச்சொல் வேண்டும். அவள் படத்தை வைத்த இடத்தாலேயே தெரிவித்துவிட்டாள். இவளுக்குத்தான் "இன்னும் இல்லை" என்று குறியிட்டிருந்தேன்.

அன்று மாலை குறிப்பேட்டை எடுத்து மற்ற இரண்டு விடைகளையும் பார்த்தேன். "பல்" என்பதன் கடைசி ஒலி "ல்" என்பது என் விடை. ஆனால் அவள் பேச்சில் "பல்" என்று ஒரு சொல்லே கிடையாது. "பல்லு" உண்டு, "கல்லு" உண்டு, "கண்ணு" உண்டு, "முள்ளு" உண்டு. பேச்சுத் தமிழ் இத்தகைய மெய்களைச் சொல்லின் கடைசியில் தனியே நிற்கவிடாமல் ஓர் உகரத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறது. "லு" என்று அவள் சொன்னது, தான் அறிந்த சொல்லின் கடைசி அசை. ஒலியனாகப் பிரிக்கவில்லை என்பது உண்மைதான். பிரித்திருந்தால் "உ" என்று சொல்லியிருப்பாள், அதையும் நான் தவறென்றே குறித்திருப்பேன். "மரம்" இன்னும் நுட்பமானது. பேச்சில் அதன் இறுதி "ம்" முழு மெய்யாக வருவதில்லை. உதடுகள் மூடாமலே உயிரொலி மூக்கின் வழியே முடிந்துவிடுகிறது. "ம்" என்ற விடையை எதிர்பார்த்த நான், அவள் வாயில் இல்லாத ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒலியைக் கேட்கிறேன் என்ற பெயரில் எழுத்துக்கூட்டலைத்தான் கேட்டிருக்கிறேன்.

நாக்கும் உதடும்

அதன்பிறகு என் கேள்விகளுக்கான சொற்களைத் தெரிவுசெய்யும் முறையை மாற்றிக்கொண்டேன். எழுத்திலும் பேச்சிலும் ஒரே மாதிரி இருக்கும் சொற்களை மட்டும் எடுத்தேன். கடைசி ஒலியைக் கேட்பதையே இந்த வயதுக்கு விட்டுவிட்டேன். எழுதப்பட்ட வடிவத்தைக் குழந்தை பார்க்கத் தொடங்கிய பிறகு அதற்கு வருவதுதான் நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது. அசைகளைக் கைதட்டி எண்ணுவதை நான்கு வயதிலேயே மகிழ்ச்சியாகச் செய்கிறார்கள். "நி-லா" இரண்டு தட்டு, "வண்-டி" இரண்டு தட்டு, "ப-ற-வை" மூன்று தட்டு. அதில் கால் ஊன்றியபின்தான் முதல் ஒலிக்கு வர வேண்டும்.

எந்த ஒலியில் தொடங்குவது என்பது பெரிய விஷயம். "ம்", "ந்", "ல்", "வ்" போன்றவற்றை மூச்சு உள்ளவரை நீட்டலாம். "ப்", "த்", "க்" ஆகியவற்றை நீட்ட முடியாது, வாயைத் திறந்தவுடன் முடிந்துவிடும். அதனால் நம்மை அறியாமலே ஓர் உயிரை ஒட்டி "ப்ப", "க்கு" என்று சொல்லிவிடுகிறோம். தமிழ் ஆசிரியர்களிடம் இன்னொரு பழக்கமும் ஊறியிருக்கிறது. மெய்யெழுத்துகளை "இக், இங், இச்" என்று முன்னால் இகரம் சேர்த்துச் சொல்லியே நாம் வளர்ந்தோம். "இம்", "ஈ", "இன்" என்று மூன்றையும் ஒரு குழந்தை எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் "மீன்" வராது, வேறு ஏதோ ஒரு நீண்ட சொல்தான் வரும். "ம்ம்ம்ம்ஈஈஈன்ன்ன்" என்று ஒரே மூச்சில் இழுத்துச் சொன்னால் வரும். மெய்க்கு அரை மாத்திரை என்று பழைய இலக்கணிகள் அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த அரை மாத்திரையை ஒட்டுச்சதை இல்லாமல் சொல்ல நான் பல நாள் தனியே பழக வேண்டியிருந்தது.

வகுப்பில் ஒரு துணி ஆமை இருக்கிறது. ஆமைக்கு வேகமாகப் பேச வராது, "ம்ம்ம்ஈஈஈன்ன்" என்று இழுத்துத்தான் சொல்லும், அது என்ன கேட்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிரிப்பதைவிடச் சேர்ப்பது குழந்தைகளுக்கு எளிது என்பதால் பல நாள்கள் இந்த விளையாட்டோடு நிறுத்திக்கொண்டேன். பிறகு ஆளுக்கொரு சிறு கண்ணாடி கொடுத்தேன். "ம்ம்ம்" என்று சொல்லும்போது உதடு மூடியிருக்கிறதா, "ந்ந்ந்" சொல்லும்போது நாக்கு எங்கே போகிறது என்று பார்த்தார்கள். ஒரு பையன் "ம்ம்ம்" என்று சொல்லிக்கொண்டே மூக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒலி நின்றுபோனதைக் கண்டு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டான். அன்று முழுவதும் எல்லாரும் மூக்கைப் பிடித்து ஒவ்வோர் ஒலியாகச் சோதித்தார்கள். காதுக்குப் பிடிபடாத ஒன்று, விரலுக்கும் உதட்டுக்கும் பிடிபட்டுவிடுகிறது. நாடாவில் பிரியாத ஒலி வாயில் ஒரு செயலாகப் பிரிந்து நிற்கிறது.

அடுத்தது பொத்தான்கள். சோவியத் உளவியலாளர் டானியல் எல்கோனின் உருவாக்கிய முறை அது. ஒரு படத்தின் கீழே கட்டங்கள் வரைந்து, சொல்லின் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு வெற்று வில்லையைக் குழந்தை கட்டத்துக்குள் நகர்த்த வேண்டும். எழுத்து எதுவும் இல்லை. தமிழில் இதற்கென்றே வைத்ததுபோல் ஓரெழுத்துச் சொற்கள் இருக்கின்றன: வா, போ, தா, நீ, தீ, பூ, ஈ. கண்ணுக்கு இவை எல்லாம் ஒரே எழுத்து. காதுக்கு "ஈ" மட்டும்தான் ஓர் ஒலி, மற்றவை இரண்டு. "வா"வுக்கு இரண்டு பொத்தான் வைத்துவிட்டு, முதல் பொத்தானை மட்டும் மாற்றி "தா" ஆக்கலாம். எழுத்து தெரிந்த பெரியவர்களிடம் "பூ"வில் எத்தனை ஒலி என்று கேட்டுப் பாருங்கள், பலர் ஒன்று என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

எழுத்தை எப்போது கொண்டுவருவது

ஒலி விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது பெற்றோர் என்னிடம் தவறாமல் கேட்பது, "அப்படியானால் எழுத்து எப்போது?" என்பதுதான். டென்மார்க்கின் போர்ன்ஹோல்ம் தீவில் லுண்ட்பெரி, ஃப்ரோஸ்ட், பீட்டர்சன் ஆகியோர் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், 235 குழந்தைகள் எட்டு மாதம் நாள்தோறும் எழுத்தே இல்லாமல் ஒலி விளையாட்டுகள் மட்டும் ஆடினார்கள். பள்ளிக்குச் சென்றபின் அவர்களின் வாசிப்பும் எழுத்துக்கூட்டலும், அந்தப் பயிற்சி பெறாதவர்களைவிட மேம்பட்டிருந்தன. எழுத்து இல்லாமலும் இதைக் கற்பிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். அதற்கு முன்பே, 1983இல் பிராட்லி, பிரையன்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், படங்களை ஒலியால் வகைப்படுத்திய ஒரு குழுவுக்குப் பிளாஸ்டிக் எழுத்துகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் குழுதான் எல்லாரையும்விட முன்னேறியது. 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், எழுத்தோடு சேர்த்துக் கற்பித்தபோதும், ஒன்றிரண்டு திறன்களில் மட்டும் கவனம் செலுத்தியபோதும், சிறு குழுக்களாக நடத்தியபோதும் பலன் கூடியிருந்தது. மொத்தமாக 5 முதல் 18 மணி நேரம் வரை நடந்த பயிற்சிகளில் பலன் அதிகம். அதைவிட நீண்டவற்றில் அந்த அளவுக்கு இல்லை. நாளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் சில மாதங்களில் முடிந்துவிடுகிற வேலை இது.

ஆகவே எழுத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பது என் கருத்தன்று. குழந்தை தன் வாயில் கண்டுபிடித்த ஒலிக்கு அடையாளமாக எழுத்து வர வேண்டும் என்கிறேன். "ம்ம்ம்" என்று உதடு மூடியதை உணர்ந்தவளிடம், "இதை இப்படி எழுதுவோம்" என்று "ம்" காட்டினால் அது அவளுடைய எழுத்து. 247 எழுத்துகளையும் அட்டவணையாக ஒப்பித்துவிட்டு ஒலிக்கு வருவது தலைகீழ் வரிசை. உயிர்மெய் எழுத்து அசையைக் காட்டுகிறது, அதனுள் இருக்கும் உயிரையும் மெய்யையும் தனித்தனியே காட்டுவதில்லை. கன்னடம் படிக்கும் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை, அத்தகைய எழுத்துமுறையில் ஒலியன் விழிப்புணர்வு மெல்லத்தான் உருவாகிறது என்று காட்டியது. அட்டவணையிலிருந்து தொடங்கும் தமிழ்க் குழந்தைக்கும் அந்தத் தாமதம் நேரக்கூடும் என்றே நினைக்கிறேன். நம்மிடம் புள்ளி இருக்கிறது. தனி மெய்யைக் காட்டவே நம் எழுத்துமுறை வைத்திருக்கும் குறி அது. "ம் + ஈ = மீ" என்று பலகையில் எழுதி ஒப்பிக்க வைக்கும் அந்த ஒரு வரியைக் காதால் செய்ய வைத்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைக் காதால் செய்ய வைக்காமல் கையால் மட்டும் எழுத வைப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இரண்டாம் பருவத்தின் பாதியில் ஒரு நாள், பொத்தான்களை வைத்து "நீ" செய்துகொண்டிருந்தோம். "முதல் பொத்தானை எடுத்துவிடு, இப்போது சொல்" என்றேன். அந்தச் சிறுமி பொத்தானை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு, மீதமிருந்த ஒன்றின்மேல் விரல் வைத்து, "ஈ" என்றாள். சொல்லிவிட்டு நிமிர்ந்து, "ஈ!" என்று கையால் பறப்பதுபோல் காட்டினாள். "தீ"யிலும் அப்படியே எடுத்துப் பார்த்தாள், அங்கேயும் இருந்தது. பிறகு நான் கேட்காமலே எழுந்து போய், படப்பெட்டிக்குள் வெகுநேரம் தேடினாள். மீன் படத்தை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து, பெயரை ஆமையைப்போல் இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"மீனுக்குள்ளயும் ஈ இருக்கு டீச்சர்."